சுயசான்று கட்டட அனுமதி: சான்று உடனே வருகிறது, மழைநீர்க் குழியை யார் பார்ப்பது?

சின்னதாக ஒரு வீடு கட்ட நினைப்பவருக்கு வரைபட அனுமதிதான் முதல் மலைப்பு. 2024 ஜூலை 22-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டம் அந்த மலைப்பை உண்மையாகவே குறைத்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, உறுதிமொழி தந்து, கட்டணம் கட்டி அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். கள ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. நிறைவுச் சான்றும் தேவையில்லை. மிச்சக் கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும்.

விண்ணப்பம் சிக்குவது ஆவணங்களில்தான். பத்திரத்தில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறொன்று. அல்லது பட்டா இன்னும் அப்பா பெயரில். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் அதை முறைப்படுத்தித் தரும் வரன்முறை ஆணை கையில் இருக்க வேண்டும். மனையை டேப் பிடித்து அளந்துவிட்டு வரையச் சொல்லுங்கள். பத்திரத்தில் 30 அடி, இடத்தில் 29 அடி 4 அங்குலம் என்றால் குறைந்த அளவுதான் கணக்கு. பத்திர அளவுக்கு வரைந்தால், சுவர் எழும்பும்போது பக்கத்தில் விட வேண்டிய காலியிடத்தில் 8 அங்குலம் குறையும். வரைவது பொறியாளர் என்றாலும் உறுதிமொழி உங்களுடையது. தகவல் தவறென்றால் அனுமதி ரத்தாகும்.

உயரத்தையும் கவனியுங்கள். தொடங்கியபோது வைத்த வரம்பு 7 மீட்டர். வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை 4 அடி தூக்கினால் அதுவே 1.2 மீட்டர். தளம் ஒன்றுக்குக் காங்கிரீட்டோடு சேர்த்து 3.15 மீட்டர் வைத்தால் மொத்தம் 7.5 ஆகிவிடும். தாழ்வான பகுதியில் கட்டுபவர்கள் இப்போதைய வரம்பை இணையதளத்தில் பார்த்துவிட்டு மட்டத்தை முடிவு செய்யுங்கள்.

இந்தச் சேவையில் பெரிய ஓட்டை மழைநீர் சேகரிப்பு. 2003 முதல் மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயம். ஆனால் வரைபடத்தின் மூலையில் மழைநீர்க் குழி என்று ஒரு சின்ன வட்டம் போட்டால் போதும், அனுமதி வந்துவிடும். முன்னால் யாரும் வந்து பார்ப்பதில்லை, பின்னாலும் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கை வீண் என்று கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் நிலத்துக்குள் இறங்கும். அத்தனையையும் அந்த வட்டத்தை நம்பி விட்டுவிடுகிறோம்.

தவறுகள் எங்கும் ஒரே மாதிரிதான். குழியின் அடியில் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பூசிவிடுவார்கள். அப்புறம் அது வெறும் தொட்டி. மாடியிலிருந்து இறங்கும் நான்கு குழாய்களில் ஒன்றுதான் குழிக்கு வரும், மற்ற மூன்றும் தெருவுக்கு. வாய்வரை ஜல்லி கொட்டினால் நீர் தங்கும் இடம் பாதிக்கு மேல் போய்விடும், பின்னாளில் வண்டலை அள்ளவும் முடியாது.

மண்ணைப் பார்த்துக் குழி எடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழமே நன்றாக உறிஞ்சும். விருகம்பாக்கம் களிமண்ணில் அதே குழி நிரம்பி அப்படியே நிற்கும். குழிக்குள் 6 அங்குல ஆழ்துளை (போர்) போட்டு மணல் அடுக்கு வரை இறக்க வேண்டும். போர்க் குழாயின் வாய் குழித் தரையிலிருந்து ஒரு அடி உயர்ந்து, வலை கட்டியிருந்தால் வண்டல் உள்ளே போகாது. செப்டிக் டேங்கை எதிர்மூலைக்குத் தள்ளுங்கள்.

திட்டம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. மூடுவதற்கு முன் குழியின் இரண்டு படங்களை ஏற்றச் சொல்லி, படம் ஏற்றினால்தான் கழிவுநீர் இணைப்பு என்று வைத்தால் போதும். ஒருவரும் நேரில் வர வேண்டாம். அதுவரை பொறுப்பு கட்டுபவருடையது. மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் மாடியில் ஓஸ் பிடித்து 1,000 லிட்டர் விடுங்கள். ஒவ்வொரு குழாய் வாயிலும் ஆள் நின்று, நீர் எங்கே போகிறது, குழியில் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கட்டும்.