ஒன்சர்விஸ் செயலி: சைக்கிளுக்குச் சரி, புறாவுக்கு?

சிங்கப்பூரில் அக்கம்பக்கத்துப் பிரச்சினைகளைப் புகார் செய்ய இருக்கும் ஒன்சர்விஸ் செயலி, ஒரு ஃபிஷ்பால் (மீன் உருண்டை) குச்சியிலிருந்து பிறந்தது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கதை இது. புக்கிட் கோம்பாக் பக்கம் ஒரு நடைபாதை. யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி அங்கே கிடந்தது. ஒரு பக்கச் சரிவு நில ஆணையத்துக்குச் சொந்தம், நடுவில் உள்ள பாதை பூங்காக் கழகத்துக்கு, சாலையோர நடைபாதை நகர மன்றத்துக்கு. ஒரு குச்சியைப் பொறுக்க மூன்று அலுவலகம்! அந்த ஆண்டே இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க நகராட்சிச் சேவை அலுவலகத்தைத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் செயலி வந்தது.

குச்சியைப் போட்டவரை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு அப்போதே தோன்றியது. அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

முதலில் செயலி. திறந்து, என்ன பிரச்சினை என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, படம் எடுத்து, வரைபடத்தில் இடத்தைக் குத்தி, இரண்டு வரி எழுதி அனுப்பினால் முடிந்தது. ஒரு எண் வரும். அதை வைத்து விஷயம் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது நம் தலைவலி இல்லை. நான் கணக்கெழுதும் வேலை பார்ப்பவள்; நாள் முழுக்கப் படிவம் நிரப்பி நிரப்பி அலுத்த எனக்கே இது சுமையாகத் தெரியவில்லை. 2021ல் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பேசிப் புகார் கொடுக்க 'காக்கி' என்ற அரட்டை வசதியும் வந்தது. எனக்குச் செயலியே பழகிவிட்டது.

நான் இதை அதிகம் பயன்படுத்துவது வாடகை சைக்கிள்களுக்காக. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் சரிவுப்பாதை, ஒரு நாற்காலி போகும் அகலம்தான். சரியாக அந்த வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே சாய்ந்து கிடக்கும். கைப்பிடி ஒரு பக்கக் கம்பியில், பின்சக்கரம் மறுபக்கச் சுவரில். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, பிரேக் போட்டு, "அம்மா, கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். அந்தச் சைக்கிள்கள் என்ன கனம் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அம்மா ஒவ்வொரு முறையும், "இப்படிப் போட்டுட்டுப் போறானே, அவன் வீட்ல வயசானவங்க யாரும் இல்லையா?" என்பார்.

2017ல் இங்கே வாடகை சைக்கிள்கள் வந்து குவிந்தபோது இதைவிட மோசம். புல்வெளி, கால்வாய், மின்தூக்கி வாசல் என்று ஒரு இடம் பாக்கியில்லை. 2018ல் ஓபைக் என்ற வாடகை சைக்கிள் நிறுவனம் கிளம்பிப் போனது. 2019லிருந்து உரிமம் வாங்கிய நிறுவனங்களின் சைக்கிள்களுக்கு ஒரு விதி: பயணத்தை முடிக்கும்போது நிறுத்துமிடத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வருட வேண்டும், இல்லாவிட்டால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகப் பிடிப்பார்கள். நல்ல யோசனைதான். போதனை இல்லை, சுவரொட்டி இல்லை, பாக்கெட்டில் கை வைக்கிறார்கள். ஆனால் குறியீட்டை வருடிவிட்டு, சைக்கிளை நிறுத்துமிடத்தின் மஞ்சள் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டுப் போகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த மிச்சத்துக்குத்தான் ஒன்சர்விஸ். காலையில் படம் அனுப்பினால், நான் வேலை முடிந்து வருவதற்குள் பாதை காலியாக இருந்திருக்கிறது. இதற்காகவே நான் இந்தச் செயலிக்கு நட்சத்திரம் போடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே அனுப்பும் படம் ஊர் பார்க்கப் போவதில்லை. இதன் அருமை, 2006ல் தொடங்கிய, பொதுமக்களே படம் அனுப்பும் ஸ்டோம்ப் இணையத்தளம் ஞாபகம் இருப்பவர்களுக்குப் புரியும். ரயிலில் முன்னுரிமை இருக்கையில் கண் மூடி உட்கார்ந்திருந்தால் போதும், யாரோ படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சீருடையில் இருந்த, கட்டாயத் தேசிய சேவை செய்யும் பிள்ளைகள் அதில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தப் பையன் முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தான், காலில் அடிபட்டிருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? அப்புறம் எல்லாரும் பண்பாக நடக்க ஆரம்பித்துவிட்டோமா என்றால், இல்லை. அந்த இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரப் பயப்பட ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

இனி அந்தக் குச்சியைப் போட்டவர் கதை. பண்பைப் பிரசாரமாகவே நடத்திப் பார்த்த ஊர் இது. மரியாதை இயக்கம் 1979ல் தொடங்கியது. 1982ல் சிங்கா என்ற சிங்கக்குட்டி வந்தது. எங்கள் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் அதன் சிரிப்புதான். 2013ல் அந்தச் சிங்கா, களைத்துவிட்டேன் என்று இணையத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதியது! சிங்கப்பூர் கைண்ட்னஸ் மூவ்மென்ட் என்ற அன்பு இயக்கம் நடத்திய விளம்பர உத்திதான் அது. ஆனாலும் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதற்கு நேர்மாறு உணவங்காடித் தட்டு விவகாரம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வையுங்கள் என்று வருடக்கணக்காகக் கெஞ்சினார்கள். 2021 செப்டம்பரில் சட்டம் பாய்ந்தது: முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி. இப்போது மேசைகள் சுத்தமாக இருக்கின்றன. சிங்காவால் முடியாததை 300 வெள்ளி முடித்தது என்பது என் கட்சி. என் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். அத்தனை வருடம் கெஞ்சியதால்தான் சட்டம் வந்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை என்பார்.

சரி, இப்போது புறா.

எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஒரு வயதான சீன அங்கிள் தினமும் பழைய சோற்றைக் கொண்டுவந்து புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புறாக்கள் சோற்றை அவர் இடத்தில் தின்றுவிட்டு, மிச்ச வேலையை எங்கள் துணி காயப்போடும் கம்புகளில் செய்யும். புறாவுக்குத் தீனி போடுவது இங்கே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். செயலியில் இதற்கும் புகார் கொடுக்கலாம். இடத்தைக் குத்தினேன், எத்தனை மணிக்கு வருவார் என்பது வரை எழுதினேன். அனுப்பும் பொத்தானில் விரல் போகவில்லை. சைக்கிளுக்கு முகம் கிடையாது. இவர் மின்தூக்கியில் அம்மாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

மறுநாள் கீழே போய், "அங்கிள், இந்தப் புறா எல்லாம் எங்க வீட்டுத் துணியில..." என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து சொன்னேன். அபராதத் தொகையையும் சொன்னேன். அவர் பையை மடித்துக்கொண்டே, "பேர்ட் ஆல்சோ ஹங்ரி லா, கேர்ள்" என்றார். கேர்ள் என்றாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் எங்கள் பக்கம் வரவில்லை. எதிர் புளோக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அங்கே, தீனி போடாதீர்கள் என்று ஒரு பலகை முளைத்தது. அந்த புளோக்கில் யாருக்கோ என்னைவிட விரல் வேகம்.

இந்த இடத்தில்தான் செயலியில் எனக்கு ஒரு குறை. சைக்கிளையும் தீனி போடும் மனிதரையும் ஒரே படிவத்தில் கேட்கிறது. ஆள் சம்பந்தப்பட்ட புகாருக்கு, அனுப்பும் முன் 'அவரிடம் பேசிப் பார்த்தீர்களா?' என்று ஒரு கேள்வி வைத்தால் என்ன? பதில் இல்லை என்றாலும் அனுப்ப விடட்டும். கேட்டால் போதும். மேல்மாடி நாற்காலி இழுக்கும் சத்தம் மாதிரி அண்டைவீட்டுத் தகராறுகளுக்கு எப்படியும் இந்தச் செயலி போதாது. அதற்கு சமரசம், அப்புறம் 2015லிருந்து இருக்கும் சமூகப் பூசல் தீர்ப்பாயம் என்று தனிப் பாதை. 2024 நவம்பரில் சட்டத்தையும் திருத்தி, 2025ல் அதிகாரிகளே நேரில் வந்து விசாரிக்கும் பிரிவை தெம்பனிஸ் வட்டாரத்தில் சோதனை முறையில் தொடங்கினார்கள். அது எங்கள் பேட்டைக்கு இன்னும் வரவில்லை. மேல்மாடிக்காரரிடம் நானே தீபாவளி முறுக்கோடு போய்ப் பேசினேன். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார்கள். ஒரு காலுக்கு விட்டுப்போச்சு போலிருக்கிறது.

புதிதாக இறக்கிக்கொள்பவர்களுக்கு: படம் எடுக்கும்போது கிட்டத்தில் ஒன்று, புளோக் எண் தெரிய எட்டத்தில் ஒன்று எடுங்கள், வருகிறவர்கள் தேடி அலைய வேண்டாம். 'ரொம்ப நாளாக' என்று எழுதாமல், எந்த நேரத்தில் நடக்கிறது என்று எழுதுங்கள். ஆளின் முகத்தை எடுப்பதற்கு முன் ஒருமுறை கீழே போய்விட்டு வாருங்கள். ஐந்துக்கு நான்கு போடுகிறேன். அந்த ஒரு கேள்வியைச் சேர்த்தால் ஐந்தையும் கொடுத்துவிடுவேன்.