குற்றவியலா, உரிமையியலா, நிறுமச் சட்டமா: சட்டக் கல்லூரி மாணவர் எதைத் தேர்வது?

பட்டப்படிப்பில் எந்த விருப்பப்பாடத்தைப் படித்திருந்தாலும், வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டவர் எல்லா வகை வழக்குகளையும் நடத்தலாம். ஆகவே சிறப்புத்துறைத் தேர்வு என்பது, முதல் சில ஆண்டுகள் எந்த சீனியரிடம், எந்த ஊரில் தொழில் கற்பது என்ற கேள்வியே ஆகும்.

குற்றவியலில் ஜூனியருக்கு வாய் திறக்கும் வாய்ப்பு விரைவில் கிடைக்கிறது. ஜாமீன் மனுக்களே அதற்குப் போதும். 2024 ஜூலை 1 முதல் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், கொலைக்கான 302ஆம் பிரிவு 103 ஆகியிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் பிரிவு எண்களைப் புதிதாக மனப்பாடம் செய்யவேண்டியிருப்பது இளையவருக்குச் சாதகமே. ஆனால் அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இரண்டையும் படிக்காமல் தப்ப முடியாது.

உரிமையியலில் (சிவில்) வாய்தாக்கள் நீளும், வருமானம் தாமதமாகும். எனினும் கற்பதற்கு இதைப்போல ஆழமான துறை வேறில்லை. ஒரு பாகப்பிரிவினை வழக்கையே எடுத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை அளித்தாலும், அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விலக்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்கவேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. இவற்றோடு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒப்பிட்டுப் படிக்கவும் தெரியாமல் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) எழுத முடியாது. உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத விரும்புவோருக்கும் இந்தப் பயிற்சி நேரடியாக உதவும்.

நிறுமச் சட்டத்தில் (கம்பெனிச் சட்டம்) பெரிய அலுவலகங்கள் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் தருகின்றன. ஆனால் தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வு தமிழ்நாட்டில் சென்னையில் மட்டுமே இருப்பதால், திருநெல்வேலி மாணவர் ஊரை விட்டே ஆகவேண்டும். ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) படிக்கத் தெரியாதவருக்கு, கடனைத் தீர்க்க முடியாத நிறுவனங்களைப் பற்றிய 2016ஆம் ஆண்டின் நொடிப்புநிலைச் சட்டம் புரியாது. (வரிச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான், அங்கே பட்டயக் கணக்கர்களோடும் போட்டியிடவேண்டும்.)

மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்ய எண்ணுபவர், குறிப்பாகக் குடும்பத்தில் வழக்குரைஞர் எவரும் இல்லாதவர், உரிமையியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு குற்றவியலைக் கைச்செலவுக்குச் சேர்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. கணக்கில் உண்மையான நாட்டமும் சென்னையில் தங்க வசதியும் உள்ளவர் மட்டும் மூன்றாவதை நாடலாம். முடிவெடுக்கும் முன், விடுமுறைப் பயிற்சிக் காலத்தில் ஒரு பிராது, ஒரு குற்றப்பத்திரிகை, ஒரு நொடிப்புநிலை மனு ஆகிய மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட வேண்டும்.