எட்டு ஞாயிறு, 2,000 ரூபாய்: மதுரையில் ஒரு மெய்யியல் வகுப்பு

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருஷமாக வேலை பார்ப்பவள். மெய்யியலுக்கும், அதாவது தத்துவத்துக்கும், எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மகள்தான் பணம் கட்டினாள். கட்டிய மறுவாரமே அவளுக்குக் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தர மாட்டோம், வேண்டுமானால் வீட்டிலிருந்து வேறு யாராவது வரட்டும் என்றார்கள். சரி, 2,000 ரூபாயை ஏன் விடுவானேன் என்று நான் போனேன்.

சிம்மக்கல் பக்கம், ஒரு துணிக்கடையின் சரக்கு அறைக்கு மேல் மாடி. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காலை 10 மணியிலிருந்து 12:30 வரை. இருபது பேர் இருப்போம். பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று பேராசிரியரைவிடச் சத்தமாகப் பேசும், அதனால் கடைசி இரண்டு வரிசை வேண்டாம். 11 மணிக்கு டீ உண்டு, சர்க்கரை தூக்கல்.

முதல் இரண்டு வாரமும் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டெக்கார்ட், கான்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்தன, போயின. கையில் கொடுத்த குறிப்பு ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், பாதிப் பக்கம் மங்கல். மகளிடம் “உன் பணம் போச்சு” என்றுதான் சொன்னேன்.

மூன்றாவது வாரம் பேராசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியும்னு சொல்றீங்க. எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க அளவைதான், அதாவது பிரமாணம். ஒன்றை அறிவதற்கு என்னென்ன வழி உண்டு, எதை எவ்வளவு நம்பலாம் என்கிற கணக்கு. மணிமேகலையின் 27ஆம் காதையை எடுத்துக்கொண்டார். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகப் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் பேசுகிற வைதிகர் அளவைகளைப் பழைய ஆசிரியர்கள் கணக்குப்படி அடுக்குகிறார்: வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார். நிலம், நீர் போன்ற பூதங்களின் சேர்க்கைதான் எல்லாம் என்கிற பூதவாதியோ கண்ணால் கண்டது மட்டும்தான், கருதி அறிவதெல்லாம் செல்லாது என்கிறார். 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்கிற பௌத்தக் கணக்கில் இரண்டுதான்: காட்சியும் கருத்தளவும், அதாவது நேரில் காண்பதும் அனுமானமும். பின்னால் வந்த சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று மூன்றை வைத்துக்கொண்டது. உரை என்றால் நம்பத்தக்கவர் சொன்ன சொல். மதத்துக்கும் அறிவியலுக்கும் இன்று நடக்கிற சண்டையில் பாதி, இந்தப் பட்டியலில் எதைச் சேர்ப்பது எதை நீக்குவது என்பதுதான் என்றார் பேராசிரியர்.

பூதவாதியை மணிமேகலை மடக்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் இல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். பின்னாலிருந்து ஒருவர், “இப்பதான் டிஎன்ஏ டெஸ்ட் இருக்கே சார்” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ரிப்போர்ட்டிலும் 99.99 சதவீதம் என்கிற மாதிரிதான் வரும், 100 என்று போட மாட்டார்கள், அதுவும் அனுமானம்தான் என்றேன். அன்றிலிருந்து எனக்கு அங்கே கொஞ்சம் மரியாதை.

அதே தெம்பில் என் கதை ஒன்றையும் சொன்னேன். ஒருமுறை ஒரு அம்மாவின் ரத்தத்தில் ப்ளேட்லெட் 38,000தான் என்று அணுக்களை எண்ணும் மெஷின் காட்டியது. வீட்டில் எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, தெம்பாக உட்கார்ந்து என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, அதாவது ஸ்மியர் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ப்ளேட்லெட் எல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தது. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற இடிடிஏ சிலர் ரத்தத்தில் இப்படிச் செய்யும். கொத்தை மெஷின் ப்ளேட்லெட் என்று எண்ணாது. நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறுபடி எடுத்தேன். இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தது. ஆக, மெஷின் சொன்னது உரை, நான் கண்டது காண்டல், காண்டல்தான் ஜெயித்தது என்று முடித்தேன்.

பேராசிரியர் விடவில்லை. “நீங்க மைக்ராஸ்கோப்புல என்னம்மா பார்த்தீங்க?”

“ப்ளேட்லெட் கொத்து சார்.”

“இல்ல, கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?”

யோசித்தேன். “ஊதாவா, பொடிப்பொடியா, சேர்ந்து…”

“அது ப்ளேட்லெட்னு யாரு சொன்னா?”

படிக்கிற காலத்தில் எங்கள் மேடம் சொன்னார். ஆக, நான் காண்டல் என்று நினைத்ததற்குள்ளேயே உரை உட்கார்ந்திருக்கிறது. அறவண அடிகள் பகுதியில் இதற்கு ஒரு சொல் வருகிறது என்றார்: சுட்டுணர்வு. பெயர், சாதி (அதாவது வகை), குணம், செயல் எதையும் ஏற்றாமல் வெறுமே ‘இது’ என்று படுகிற அறிவு மட்டும்தான் காட்சி, பெயர் வைத்த உடனே அது கருதலின் பக்கம் போய்விடும். மறுநாள் வேலையில் முதல் ஸ்லைடை வைத்துவிட்டுப் பெயர் வைக்காமல் பார்க்க முயன்றேன். ஒரு நொடிகூட முடியவில்லை.

நான்காம் வாரம் காரணமும் காரியமும் (அதாவது விளைவும்). ஒரு எவர்சில்வர் தட்டில் பஞ்சை வைத்துக் கொளுத்தினார். நெருப்பு பட்டது, பஞ்சு எரிந்தது. இரண்டையும் பார்த்தீர்கள், ஆனால் நெருப்பு ‘எரித்ததை’ யாராவது பார்த்தீர்களா என்றார். இந்தப் பஞ்சு உதாரணம் அல் கஸாலியுடையது, 1111இல் காலமான இஸ்லாமிய அறிஞர். எரிப்பது நெருப்பு இல்லை, இறைவன் என்பது அவர் முடிவு. 600 வருஷத்துக்கும் மேல் கழித்து ஸ்காட்லாந்தில் ஹியூம் என்கிற மெய்யியலாளர் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து, இறைவனைக் கொண்டுவராமல், பழக்கத்தால்தான் அப்படி எதிர்பார்க்கிறோம் என்று நிறுத்திக்கொண்டார். ஒரே பஞ்சு, ஒருவர் கடவுளிடம் போனார், ஒருவர் சந்தேகத்தில் நின்றார். வகுப்பு முடிந்து நாங்கள் நான்கு பேர் பருத்திப்பால் குடிக்கப் போனோம். அங்கேயும் இதே பேச்சு.

ஐந்தாம் வாரம் சுமார். ஆறாம் வாரத்தைப் பற்றிக் கோபமாகவே எழுதுகிறேன். பேராசிரியர் வெளியூர் போய்விட்டார், பதிலுக்கு ஒரு சிறப்புப் பேச்சாளர். இரண்டரை மணி நேரமும் குவாண்டம் இயற்பியலும் வேதாந்தமும் ஒன்று, எல்லாவற்றையும் முன்னோர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்பதுதான். ஜெனீவாவில் செர்ன் என்கிற அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருக்கிறது, அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்றார். அந்தச் சிலை 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. எங்கள் லேபில்கூட பிள்ளையார் காலண்டர் மாட்டியிருக்கிறது, அதனால் பிள்ளையாரைச் சோதனை செய்து நிரூபித்துவிட்டோம் என்று ஆகாது. எந்தச் சோதனை, யார் செய்தது என்று கேட்டேன். “இதெல்லாம் அனுபவிக்கணும்மா” என்றார். நான் சாமி கும்பிடுகிறவள்தான். எனக்கே சங்கடமாக இருந்தது.

நல்லவேளை, ஏழாம் வாரம் பேராசிரியர் திரும்பி வந்து லெமைத்ரைப் பற்றிச் சொன்னார். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார், கூடவே இயற்பியலாளர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே கட்டுரை எழுதியவர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இதிலிருந்து வளர்ந்த, பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்கிற கோட்பாடு படைப்புக்குச் சாட்சி என்கிற மாதிரிப் பேசியபோது, சந்தோஷப்பட வேண்டிய பாதிரியாருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகக் கலிலியோவைத் திருச்சபை 1633இல் விசாரித்துத் தண்டித்ததை வைத்து மதம் என்றாலே அறிவியலுக்கு எதிரி என்று வாரா வாரம் வாதாடும் ரயில்வே ஓய்வூதியக்காரர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு அவரும் குறிப்பு எடுத்தார்.

கடைசி வாரம் கேள்வி நேரம், சான்றிதழ், போட்டோ. சான்றிதழில் என் மகள் பெயர்தான் இருந்தது. மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். எட்டில் மூன்று வகுப்புக்குத்தான் அந்த 2,000 ரூபாய், மற்றவை டீக்கு. அடுத்த சுற்றில் சேருகிறவர்கள் சேரும்போதே ஆறாம் வாரம் யார் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பைக் நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் போவது நல்லது. மணிமேகலை உரையோடு ஒரு பிரதி கையில் கொண்டுபோங்கள், அந்த ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.