பெட்ரோல் நெக்ஸானா, மின்சார நெக்ஸானா? கரண்ட் பில் போட்டுக்கொடுத்த கணக்கு

ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், அட்டையில் பழைய எண்ணைப் பார்த்தார், மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். "என்னங்க, புதுசா ஏசி ஏதும் போட்டீங்களா?" என்றார். போர்டிகோவில் ஒயர் மாட்டி நின்ற காரைக் காட்டினேன். "அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: 930 யூனிட், 6,135 ரூபாய். கார் வருவதற்கு முன்பு எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட்தான் ஓடும். பில் 1,500 ரூபாயைத் தொடாது.

ஷோரூமில் சொன்னது வேறு. "வீட்டுக் கரண்ட் யூனிட் நாலே முக்கால் ரூபாய்ங்க, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்றார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. அந்த முழுக் கணக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு வசதி அமைந்தது. 2024 தொடக்கத்தில் நான் கோவையில் 30 கிலோவாட் அவர், அதாவது 30 யூனிட் பிடிக்கும் பேட்டரி உள்ள டாடாவின் மின்சார நெக்ஸான் கார் எடுத்தேன். சில வாரம் கழித்து சென்னையில் என் மச்சினன் பெட்ரோல் நெக்ஸான் எடுத்தான். உடம்பு ஒன்று, உயிர் வேறு. சத்தம், பிக்கப், புகை பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பணத்தைப் பற்றி மட்டும் பேசலாம். என் பக்கச் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

என் ஓட்டம் மாதம் 1,500 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள் திருப்பூர் போய் வரவேண்டும், மீதி ஊருக்குள். போன வருடம் மச்சினன் கோவை வந்தபோது அவன் வண்டியை ஒரு வாரம் இதே பாதையில் ஓட்டிப் பார்த்தேன். லிட்டருக்கு 13 கிடைத்தது. பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் ரூபாய், மாதம் 11,650. பெட்ரோல் கணக்கு அவ்வளவுதான். பங்கில் போர்டில் போட்டிருக்கும் விலையை மைலேஜால் வகுத்தால் தீர்ந்தது.

மின்சாரக் கணக்கு அப்படி வகுத்தால் வராது. முதலில், பேட்டரிக்குள் போகிற யூனிட் வேறு, மீட்டரில் ஓடுகிற யூனிட் வேறு. சார்ஜ் ஆகும்போதே பத்து சதவீதத்துக்கு மேல் சூடாகப் போய்விடுகிறது. 30 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப மீட்டரில் 34 வரை ஓடும். டிஸ்ப்ளே காட்டும் எண்ணை நம்பாமல், மீட்டர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எனக்கு யூனிட்டுக்கு ஆறே கால் கிலோமீட்டர்தான் வருகிறது. இரண்டு மாதத்துக்கு 3,000 கிலோமீட்டர் என்றால் 480 யூனிட்.

அப்புறம்தான் படிக்கட்டு. நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் படிப்படியாக ஏறும். இந்த பில் வந்தபோது முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. அதைத் தாண்டினால் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. ஷோரூம்காரர் சொன்ன நாலே முக்கால் இந்தப் படிக்கட்டின் நடுவே ஒரு படி. என் கார் அந்தப் படியில் உட்காரவில்லை. ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் கீழ்ப்படிகளில் இடம் பிடித்தபிறகு கடைசியாக வந்தது கார். அது மேலே போய்த்தான் உட்காரும்.

போதாததற்கு, 500-ல் ஒரு பள்ளம் இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் நின்றால்தான் 101 முதல் 200 வரைக்கும் 2.35. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 போட்டுவிடுவார்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய்!

450 யூனிட்டுக்கு 1,490 கட்டிக்கொண்டிருந்தவன் 930-க்கு 6,135 கட்டினேன். வித்தியாசம் 4,645. அது முழுக்கக் கார் கணக்கு. 480-ஆல் வகுத்தால் யூனிட் 9.68. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே, 1.55. ஷோரூமில் காட்டியதில் இரண்டு மடங்கு. அதே 480 யூனிட் தனி மீட்டரில் ஓடியிருந்தால் 1,679 ரூபாயோடு போயிருக்கும். "மாடிக்குத் தனியா ஒரு சர்வீஸ் வாங்கிடுங்க" என்று எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். ஒரே குடித்தனத்தை இரண்டு இணைப்பாகப் பிரித்துக் காட்ட விதியில் இடமில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, இரண்டு மடங்கு ஆனபிறகும் 1.55 எங்கே, 7.75 எங்கே? மாதத்துக்கு 9,300 ரூபாய் கையில் நிற்கிறது. ஆகவே மின்சார வண்டி எடுக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்கிற ரேஞ்சை அல்ல, கரண்ட் பில்லை. வீட்டில் இப்போதே 900, 1,000 ஓடுகிறதென்றால் காரின் யூனிட் சராசரியாக 11 ரூபாய்க்கு மேலேதான் விழும். வெறும் ஃபேன், லைட்டோடு 200-ல் நிற்கிற வீடு என்றால் கார் கிட்டத்தட்டப் பஸ் டிக்கெட் செலவில் ஓடும்.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இந்தப் படிக்கட்டு தலைகீழாகிறது. 3 கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 720. பேனல் தரும் யூனிட்டை நாம் செலவழித்ததிலிருந்து கழிக்கும் நெட் மீட்டர் இருந்தால் அது கழிவது உச்சிப் படியிலிருந்து. அதாவது 10.50-ம் 9.45-ம்தான் முதலில் காணாமல் போகும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். நான் இன்னும் போடவில்லை, மாடியில் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தவேண்டிய பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே இந்தப் பத்தி மட்டும் காகிதக் கணக்கு.

செலவுப் பட்டியலில் யாரும் எழுதாத ஒன்று உண்டு: ப்ளக். வண்டியோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜரை, பழைய வாஷிங்மெஷின் பாயின்ட்டில் மாட்டினேன். மூன்றாம் நாள் இரவு போர்டிகோவில் கருகல் வாடை. ப்ளக்கைப் பிடுங்கினால் கை வைக்க முடியாத சூடு, சாக்கெட்டின் ஓரம் பழுப்பாக உருகியிருந்தது. வாஷிங்மெஷின் ஒரு மணி நேரம் ஓடும், கார் பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும் என்பதை யோசிக்காதது என் தப்பு. எலெக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடிமனான 4 ஸ்கொயர் ஒயர் இழுத்தார், தொழிற்சாலைகளில் போடும் சாக்கெட்டை மாட்டினார். அப்புறமும் சார்ஜர் சிவப்பு விளக்கையே காட்டியது. எர்த் சரியில்லை. தென்னை மரத்தடியில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போட்டதும்தான் பச்சை எரிந்தது. மொத்தம் 11,000 ரூபாய்.

நெடுஞ்சாலையில் கணக்கு மாறும். கோவையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டர். வீட்டில் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஃபாஸ்ட் சார்ஜரில் 18 சதவீத ஜிஎஸ்டியோடு யூனிட் 23 ரூபாய் கொடுத்தேன். வழியில் 1,250, வீட்டில் ஏற்றியது 300. பெட்ரோலில் போயிருந்தால் 3,150. பாதிக்குப் பாதி மிச்சம்தான், ஆனால் மிச்சமான 1,600 ரூபாய்க்காக மூன்று மணி நேரம். சேலத்தில் பிள்ளைகள் டீக்கடை பிஸ்கட் டப்பாக்களின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஒருமுறை தீபாவளிக்கு முதல் நாள் உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு சார்ஜரில் எனக்கு முன்னால் மூன்று வண்டி. அந்த நேரத்தில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் பதில் பேசவில்லை.

மலைப்பாதை நேர்மாறு. குன்னூரில் இறங்கத் தொடங்கும்போது 41 சதவீதம் காட்டியது, மேட்டுப்பாளையத்தில் 47. பிரேக்கை மிதித்ததே குறைவு. பிரேக் பேட் இன்னும் முதல் செட்தான்.

சர்வீஸ் செலவு எனக்கு வருடத்துக்கு 4,000 பக்கம், மச்சினனுக்கு ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 8,000. இது பெரிய விஷயமே இல்லை, எல்லோரும் ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. டயர் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்போல் இருக்கிறது. பேட்டரி எடையும் இழுவையும் சேர்ந்து, 35,000 கிலோமீட்டரிலேயே முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன வேடிக்கை. மின்சார வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். உண்மைதான். ஆனால் பெட்ரோல் வண்டிக்கு எஞ்சின் சிசி பார்க்கிறார்கள், இதற்கு மோட்டாரின் கிலோவாட். 1,199 சிசி பெட்ரோல் நெக்ஸான் நடுப் பிரிவில் வந்து 3,416 ரூபாய். என்னுடையது 65 கிலோவாட்டைத் தாண்டியதால் தள்ளுபடி போக 6,712. தள்ளுபடி கிடைத்தும் இரண்டு மடங்கு!

வாங்கும்போது ஆன்ரோடு விலையில் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் 2 லட்சம். தமிழ்நாட்டில் எனக்குச் சாலை வரி கிடையாது, பத்து லட்சத்தைத் தாண்டிய அவன் வண்டிக்கு 18 சதவீதம். அதனால்தான் வித்தியாசம் 2 லட்சத்தோடு நின்றது. கிலோமீட்டருக்கு 6.20 மிச்சம் என்று வைத்தால் 32,000 கிலோமீட்டரில் அது திரும்பிவிட்டது. இன்று வாங்குகிறவர் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, கூடவே இருந்த செஸ் என்னும் கூடுதல் வரியும் போனது. மின்சார வண்டிக்கு முன்பும் 5, இப்போதும் 5. இடைவெளி அகன்றிருக்கும், ஷோரூமில் இரண்டு கொட்டேஷனும் வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனையில் நான் அடக்கித்தான் பேசவேண்டும். என் அனுபவம் இரண்டே வருடம். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருப்பதால் தூக்கம் கெடவில்லை. ஆனாலும் விளையாட்டாக ஒரு பழைய கார் வியாபாரியிடம் விலை கேட்டபோது, அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "எலெக்ட்ரிக்கா? பேட்டரி எப்படின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். மச்சினன் வண்டிக்குப் போனிலேயே விலை சொன்னார். ஐந்து வருடத்தில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவர் இதை என் கிலோமீட்டர் கணக்கைவிடப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அவன் ஏன் பெட்ரோல் எடுத்தான் என்று முதலில் எனக்குக் கோபம். அவன் இருப்பது அபார்ட்மென்ட். பார்க்கிங்கில் ப்ளக் கேட்டதற்கு அசோசியேஷன் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவன் மாத ஓட்டம் 500 கிலோமீட்டர். வெளிச் சார்ஜரையே நம்பினால் அவனுக்கு மிஞ்சுவது மாதம் 2,000 பக்கம், 2 லட்சம் திரும்பி வர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்கு வாரம் ஒருநாள் சார்ஜரில் காத்துக்கிடக்க வேண்டும். அவன் எடுத்தது சரிதான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வருகிறான். எங்களுக்குச் சென்னையில் ஒரு கல்யாணம் இருப்பதால், அவன் திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க மாமா, டேங்க் ரொப்பிக் குடுத்துடுங்க" என்றான். என் வண்டியை எத்தனை சதவீதத்தில் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த மாத ரீடிங் 500-ஐத் தாண்டியாகிவிட்டதா என்று பார்க்கவேண்டும்.