ஏற்காட்டில் ஜீப் சஃபாரி என்று கூப்பிட்டால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஏற்காட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அப்படிப்பட்டவனே போன வாரம் ஏமாந்து வந்திருக்கிறேன், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மே மாதம் கோடை விழா என்றால் வெளியூர்க்காரர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

துபாயில் வேலை பார்க்கும் நண்பன் லீவில் வந்திருந்தான். நான் அங்கே போயிருந்தபோது என்னைப் பாலைவன சஃபாரிக்குக் கூட்டிப்போனவன் அவன். லஹ்பாப் பக்கம் செம்மணல் மேடு. மணலில் இறங்குவதற்கு முன் டிரைவர் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கினார். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படிந்து மணலில் புதையாமல் ஓடுமாம். எல்லாரும் பெல்ட் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அங்கேயும் காசு பிடுங்குவது உண்டு. ஒட்டகத்தில் ஏற்றி இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள், மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாட் பைக்குக்குத் தனிக் காசு. ஆனால் சொன்ன மணல் அங்கே இருந்தது.

அந்தக் கடனைத் தீர்க்கிற ஆசையில், "எங்க ஊர்லயும் சஃபாரி இருக்கு மாப்ள" என்று வாயை விட்டேன்.

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். மேலே திறந்த சிவப்பு ஜீப் படம். போன் செய்தேன். "நாலு மணி நேரம் சார், காட்டுப் பாதை, கிளியூர் அருவி, காட்டெருமை பாக்கலாம். ஃபாரஸ்ட் பர்மிஷனெல்லாம் நாங்க பாத்துக்குவோம். 3,500 ரூபாய்." அட்வான்ஸ் 1,500 ஜிபேயில் கேட்டார்கள். பணம் அனுப்பும்போது கம்பெனிப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அங்கேயே உறுத்தியது. இருந்தும் அனுப்பினேன், என் புத்தியைச் சொல்லவேண்டும்.

காலையில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி 7 மணிக்கு ஏரிக்கரையில் நின்றோம். வண்டி வந்தது 8.40-க்கு. சிவப்பும் இல்லை, திறந்த ஜீப்பும் இல்லை. பின்னால் ஏற்கனவே கோயம்புத்தூர்க் குடும்பம், குழந்தையோடு நாலு பேர். கேட்டால், "ஷேரிங்தானே சார்" என்கிறான் டிரைவர் தம்பி. பெல்ட்டில் பக்கிள் இல்லை. நண்பன் நேராக டயரிடம் போனான். மொட்டை. "இதுல புதுசா காத்த இறக்க வேண்டியதில்ல மாப்ள, அதுவே இறங்கிடும்."

நம்பர் பிளேட் வெள்ளை. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி, வாடகைக்கு ஆள் ஏற்றப் பெர்மிட் கிடையாது. மஞ்சள் போர்டு இருந்தால்தான் ஏறவேண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டே ஏறினேன், 1,500 ரூபாய் போய்விடுமே என்று.

லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட். இரண்டும் மலையிலிருந்து கீழே பார்க்கிற வியூ பாயிண்ட், யார் வேண்டுமானாலும் பைக்கில் போகலாம். அப்புறம் காட்டுப் பாதை என்று ஒரு ரோட்டில் திருப்பினான். கொஞ்ச தூரத்தில் எதிரே பஸ் வந்தது. கவர்ன்மென்ட் பஸ்! காட்டுப் பாதையில் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டினோம். நண்பன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். அது எல்லாரும் போய்வருகிற லூப் ரோடு.

அதிலிருந்து பிரியும் மண் பாதையில் ஒரு கேட். "ஃபாரஸ்ட் என்ட்ரி சார், தலைக்கு 300." ரசீது கேட்டேன், "கடைசில தருவாங்க" என்றான். உள்ளே போனால் இரண்டு பக்கமும் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. காட்டில் மரத்தை வரிசை பிடித்து நட்டது யாராம்? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த மலையில் எங்கே பார்த்தாலும் தோட்டம்தான். பத்து நிமிடத்தில் காவலுக்கு இருந்த பெரியவர் கம்போடு வந்துவிட்டார். "யாரக் கேட்டு உள்ள வந்தீங்க? இது எஸ்டேட்டுங்க." திருடன் மாதிரி ரிவர்ஸில் வெளியே வந்தோம். எங்கள் 600 ரூபாய் எந்த ஃபாரஸ்டுக்குப் போனதோ! 2018-ல் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு காட்டுக்குள் ஆள் நுழைவதில் வனத்துறை எவ்வளவு கெடுபிடி! அதுவும் ஏப்ரல் வெயிலில் போனில் ஒருத்தர் "பர்மிஷன் பாத்துக்குவோம்" என்றால், அனுமதிக் கடிதத்தை முதலில் கண்ணில் காட்டச் சொல்லுங்கள்.

கிளியூர் அருவியில் பாறைதான் இருந்தது. கோடையில் அப்படித்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். விளம்பரத்தில் போட்டவர்களுக்கும் தெரியும். காட்டெருமைக்குப் பதில் பிஸ்கட் பிடுங்கும் குரங்குகள்.

திரும்பும்போது இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை. அந்த அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டதைப் பார்த்ததும் நண்பன், "தம்பி, நிறுத்து" என்றான். எல்லாரும் இறங்கி டவுனுக்கு நடந்தோம். நடக்கும்போதுதான் தெரிந்தது, அவர்கள் நாலு பேருக்கும் சேர்த்து 2,800.

டிரைவர் பின்னாலேயே வந்து பாக்கி 2,000-த்தோடு வெயிட்டிங் சார்ஜ் 500 கேட்டான். குழந்தை அழுதுகொண்டிருந்தது, சண்டையை வளர்க்க மனமில்லாமல் 2,000 கொடுத்தேன். 500-ஐக் கொடுக்கவில்லை. மாலையில் போன் செய்தால் என் நம்பரை பிளாக் செய்திருந்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், வண்டியின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் முதலில் இவற்றை எடுத்து வையுங்கள், விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடுவார்கள்.

இன்று காலை வரை அழிக்கவில்லை. அதே சிவப்பு ஜீப். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் தெரிகிற மலை முழுக்கப் பனிக்கட்டி.