ஜிஐஏவா, ஐஜிஐயா, கடை அட்டையா? வைரச் சான்றிதழ்கள் நேருக்கு நேர்

ஒரு காரட், ஜி நிறம், விஎஸ்1 தெளிவு. இதே விவரத்தோடு இரண்டு கடையில் இரண்டு கல் காட்டுகிறார்கள், விலை மட்டும் இடிக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது "எந்த லேப் சர்டிபிகேட்?" என்றுதான். லேப் என்பது வைரத்தைத் தரம் பார்த்து அறிக்கை தரும் ஆய்வகம். தங்கத்தின் தூய்மையை உருக்கிப் பார்த்து ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். வைரத்தின் நிறமும் தெளிவும் அப்படி இல்லை. பயிற்சி பெற்றவர்கள் மாதிரிக் கற்களோடு வைத்துப் பார்த்தும், 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் தரும் மதிப்பீடு அது. பார்ப்பவர் கறாரா தாராளமா என்பதைப் பொறுத்து அதே கல் ஜி ஆகவும் வரும், எச் ஆகவும் வரும். ஹால்மார்க் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பிஐஎஸ் முத்திரையும் எச்யுஐடி என்ற ஆறிலக்க அடையாளக் குறியீடும் தங்கத்துக்கு மட்டுமே பொறுப்பு. கல்லைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

தமிழ்நாட்டுக் கடைகளில் கைக்கு வருவது பெரும்பாலும் இவைதான்: ஜிஐஏ அறிக்கை, ஐஜிஐ அறிக்கை, ஐஜிஐ அல்லது எஸ்ஜிஎல் போன்ற லேப் கொடுக்கும் நகை அட்டை, கடையே அச்சடித்த உத்தரவாத அட்டை. நான்கையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தனிக்கல்: ஜிஐஏ எதிர் ஐஜிஐ

ஜிஐஏ 1931இல் அமெரிக்காவில் தொடங்கிய, லாப நோக்கமற்ற நிறுவனம். டி (நிறமே இல்லாதது) முதல் இசட் (மஞ்சள் ஏறியது) வரையான நிற வரிசை அவர்கள் வகுத்தது. தெளிவுக்கு விவிஎஸ், விஎஸ், எஸ்ஐ என்று உள்குறை ஏற ஏற இறங்கும் படிகள்; ஒவ்வொன்றிலும் 2ஐ விட 1 மேல். இன்று மற்ற லேப்களும் அதே எழுத்துகளைத்தான் போடுகின்றன. ஐஜிஐ 1975இல் ஆண்ட்வெர்ப்பில் தொடங்கி, 2023இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், 2024 டிசம்பரில் இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்த வணிக நிறுவனம்.

எழுத்து ஒன்று என்பதால் அளவும் ஒன்று என்று எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். இயற்கை வைரத்தில் ஜிஐஏ கறார், ஐஜிஐ சற்றுத் தாராளம் என்பது வியாபாரிகளிடையே பரவலான கணக்கு. அதை மனதில் வைத்துத்தான் விலையே பேசுகிறார்கள். எனவே ஐஜிஐ ஜி-விஎஸ்1 மலிவாகக் கிடைத்தால் அதை ஜிஐஏ ஜி-விஎஸ்1 விலையோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி கீழே உள்ள ஜிஐஏ எச்-விஎஸ்2 என்ன விலை என்று கேளுங்கள். அதற்கும் கீழே இருந்தால்தான் லாபம். ஒரே விலை என்றால் ஜிஐஏ காகிதத்தையே எடுக்கலாம். பின்னால் வேறு கடையில் விற்கப் போகும்போது, விலையைக் குறைத்துப் பேச அவர்களுக்கு இடம் குறையும்.

வெட்டு விஷயத்தில் இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. ஜிஐஏ 2006 முதல் கட் கிரேடு தருகிறது, அதுவும் வட்டக் கல்லுக்கு மட்டும். ஓவல், பிரின்சஸ், குஷன் எல்லாவற்றுக்கும் பாலிஷ், சிமெட்ரி இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஓவல் கல்லைக் காட்டி "டபுள் எக்ஸலென்ட்" என்றால் வெட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மேற்பரப்பும் பட்டைகளின் ஒழுங்கும் நன்று, அவ்வளவே. ஐஜிஐ மற்ற வடிவங்களுக்கும் கட் கிரேடு போடும், உச்சப் படிக்கு "ஐடியல்" என்று பெயரும் வைத்திருக்கிறது. ஜிஐஏ எக்ஸலென்ட்டை விட ஐடியல் உயர்ந்தது என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்ட வேண்டாம். இரண்டும் வேறு வேறு ஏணி.

ஜிஐஏ எக்ஸலென்ட்டும் அகலமான படிதான். நுனியில் நிற்கும் கல்லும் அதில் நுழைந்துவிடும். வட்டக் கல்லில் பாதுகாப்பான எண்கள்: டேபிள் (மேலே உள்ள தட்டை முகம்) 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5, கிரவுன் (மேல்பகுதி) கோணம் 34 முதல் 35 டிகிரி, பெவிலியன் (அடிப்பகுதி) கோணம் 40.6 முதல் 41. கிரவுன் 36, பெவிலியன் 41.4 என்று இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒளி அடிப்பக்கமாகக் கசியும், நடுப்பகுதி மங்கும். எடை மட்டும் அடியில் ஒளிந்திருக்கும்.

அந்த ஒளிந்த எடையைக் காகிதத்திலேயே பிடித்துவிடலாம். அளவு என்ற வரியில் "6.43 – 6.47 x 3.95 மிமீ" என்று இருக்கிறதா? சராசரி விட்டம் 6.45, அதை அதனாலேயே பெருக்கி, 3.95ஆல் பெருக்கி, 0.0061ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.00 காரட் வரும். ஒழுங்கான ஒரு காரட் வட்டக் கல் 6.4 முதல் 6.5 மிமீ விட்டம் இருக்கும். 6.15 மிமீ என்று எழுதியிருந்தால் நீங்கள் ஒரு காரட்டுக்குப் பணம் கொடுத்து 85, 90 செண்ட் (100 செண்ட் ஒரு காரட்) கல்லின் முகத்தை வாங்குகிறீர்கள். கணக்கில் வரும் எடையும் அச்சிட்ட எடையும் நிறைய விலகினால், கல்லின் நடு விளிம்பான கிர்டிலின் தடிமன் என்ன என்று பாருங்கள். "வெரி திக்" என்றால் காரணம் அதுவே.

எடையை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்குவதிலும் ஜிஐஏ கறார். மூன்றாவது தசமத்தில் 9 இருந்தால்தான் மேலே ஏற்றும்: 0.998 காரட் என்றால் 0.99, 0.999 என்றால்தான் 1.00. ஒரு செண்ட்டில் விலை தாவும் இடம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

யாரும் படிக்காத கமெண்ட்ஸ் வரி

எந்த லேப் ஆனாலும் கடைசியில் பொடி எழுத்தில் "கமெண்ட்ஸ்" என்று ஒரு பகுதி வரும். கிளவுட்ஸ் (மேகம்) என்பது கல்லுக்குள் உள்ள பொடிப் புள்ளிகளின் கூட்டம். "அடிஷனல் கிளவுட்ஸ் ஆர் நாட் ஷோன்" என்றால் பெரும்பாலும் பயமில்லை. "கிளாரிட்டி கிரேடு இஸ் பேஸ்டு ஆன் கிளவுட்ஸ் தட் ஆர் நாட் ஷோன்" என்றால் நிறுத்திப் படியுங்கள். தெளிவு குறைந்ததற்கே மேகம்தான் காரணம், அதுவும் படத்தில் குறிக்க முடியாத அளவுக்குப் பரவியிருக்கிறது. எஸ்ஐ1, எஸ்ஐ2 கற்களில் இப்படி வந்தால் கல் லேசாகப் பால் படர்ந்த மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு. கடையின் ஸ்பாட் விளக்கைத் தவிர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எச்பிஎச்டி (அதிக அழுத்தம், வெப்பத்தில் நிறத்தை மாற்றுவது), லேசர் ட்ரில்லிங் (லேசரால் துளையிட்டுக் குறையை மறைப்பது) போன்ற சிகிச்சைகளும் அறிக்கையில்தான் வெளிப்படும். இவை இருந்தால் விலை வேறு.

புளோரசன்ஸ் என்பது புற ஊதா (யூவி) வெளிச்சத்தில் கல் ஒளிர்வது. அந்த வரியில் நம் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கதி. வெளிநாட்டுச் சந்தையில் டி, இ, எஃப் கல்லுக்கு "ஸ்ட்ராங் புளூ" என்றால் விலை குறையும். இங்கே ஏழுக்கல் தோடு, எட்டுக்கல் பேசரி கேட்பவர்கள் "புளூ ஜாகர்" என்று தேடிப் போவது அதே நீல ஒளி கொண்ட கல்லைத்தான். பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. இன்று விற்கும் கல் அந்தச் சுரங்கத்தது என்று யாரும் நிரூபிப்பதில்லை. ஜாகர் என்று கூடுதல் விலை கேட்டால், லேப் அறிக்கையில் புளோரசன்ஸ் ஸ்ட்ராங் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடித் தோட்டின் 14 கல்லும் யூவி விளக்கில் ஒரே மாதிரி ஒளிர வேண்டும். நாலு கல் ஒளிர்ந்து மற்றவை இருண்டிருந்தால் வெயிலில் வித்தியாசம் தெரியும். நகை அட்டைகளில் பெரும்பாலும் புளோரசன்ஸ் வரியே இருக்காது, இந்தச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பொடிக்கல் நகை: லேப் அட்டை எதிர் கடை அட்டை

நெக்லஸ், வளையல், கொத்துக்கல் மோதிரத்துக்கு ஜிஐஏ கேட்பது வீண். அதன் தர அறிக்கை உதிரிக் கல்லுக்கானது. மூன்று செண்ட், ஐந்து செண்ட் கல்லுக்குத் தனித்தனிக் காகிதம் கட்டுப்படியும் ஆகாது. இங்கே ஐஜிஐ, எஸ்ஜிஎல் அட்டை போதும். நகையின் படம், மொத்த எடை, கல் எண்ணிக்கை, கல் எடை, "நிறம் இ-எஃப், தெளிவு விவிஎஸ்-விஎஸ்" என்ற மொத்த மதிப்பீடு இருக்கும். கல்லைக் கழற்றாமல், செட்டிங் அனுமதிக்கும் அளவுக்கே பார்த்தோம் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே தனிக்கல் அறிக்கையின் நம்பகத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. குளோஸ்டு செட்டிங்கில் பின்பக்கம் முழுக்க மூடி, அடியில் தகடும் வைத்திருப்பார்கள். நிறத்தைச் சரியாகச் சொல்ல எந்த லேபாலும் முடியாது. பெரிய கல் வைத்த குளோஸ்டு செட்டிங் தோடு என்றால், கற்களைப் பதிக்கும் முன்பே உதிரியாகக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்வதே வழி.

கடை அட்டை சான்றிதழே இல்லை. விற்பவரே தன் சரக்குக்குக் கொடுக்கும் வாக்கு அது, திரும்ப எடுக்கும்போது அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும். "எங்க கிட்ட எல்லாமே இஎஃப் விவிஎஸ்தாங்க" என்றால், "சரிங்க, அதையே பில்லில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பில்லில் தங்கத்தின் நிகர எடையும் கல் எடையும் தனித்தனியாக வர வேண்டும். ஒரு காரட் 0.2 கிராம். 2 காரட் கல் பதித்த 10 கிராம் வளையலில் தங்கம் 9.6 கிராம்தான். கல்லின் எடைக்கும் தங்க விலை போடுகிறார்களா என்று இங்கே தெரிந்துவிடும்.

பழைய நகையோடு இஜிஎல் என்ற லேபின் காகிதம் வந்தால் அதன் கிரேடை நம்பி விலை பேச வேண்டாம். தரம் தளர்வு என்ற புகாரில் 2014இலேயே ராப்நெட் வர்த்தகத் தளம் இஜிஎல் கற்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த லேப்தான் எஸ்ஐ3 என்று ஒரு படியைக் கொண்டுவந்தது. ஜிஐஏ அளவில் அப்படி ஒரு படியே கிடையாது.

லேப் குரோன் என்றால் கணக்கு மாறும்

லேப் குரோன் என்பது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இங்கே ஐஜிஐதான் முன்னணி. டி, இ, விவிஎஸ்2 என்று முழு கிரேடும் தருகிறது. 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ லேப் குரோன் கல்லுக்கு அந்த எழுத்துகளைப் போடுவதை நிறுத்தி, "பிரீமியம்", "ஸ்டாண்டர்ட்" என்ற இரண்டே வகையாகச் சொல்கிறது. இரண்டு கல்லை நுணுக்கமாக ஒப்பிட்டு வாங்க ஐஜிஐ அறிக்கையே உதவும். அதில் வாயுவிலிருந்து வளர்த்த சிவிடியா, அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்த்த எச்பிஎச்டியா, வளர்த்த பிறகு சிகிச்சை நடந்ததா என்ற வரியையும் படியுங்கள். பழுப்பு, சாம்பல் சாயை உள்ள சிவிடி கல் பிடிக்காமல் போவது சகஜம். அது கிரேடு எழுத்தில் தெரியாது, வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் தெரியும். கடையில் குத்திப் பார்க்கும் டயமண்ட் டெஸ்டர் இயற்கைக் கல்லையும் லேப் குரோனையும் பிரிக்காது. வெப்பத்தைப் பார்க்கும் டெஸ்டர் என்றால் வைரம் போலத் தெரியும் வேறு கல்லான மோய்சனைட்டும் தேறிவிடும்.

கல்லும் காகிதமும் ஒன்றுதானா?

ஜிஐஏ, ஐஜிஐ இரண்டின் தளத்திலும் அறிக்கை எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே வரும் எடை, அளவு, கிரேடு கையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தினாலும் வேலை முடியவில்லை. இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணை லேப் குரோன் கல்லின் கிர்டிலில் போலியாகப் பொறித்துக் கொண்டுவந்த கற்களை ஜிஐஏ பிடித்திருக்கிறது. ஆகவே கடையின் மைக்ரோஸ்கோப்பில் எண்ணைப் பார்த்த கையோடு, கல்லை டிஜிட்டல் கேஜில் வைத்து விட்டம், உயரம் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் உள்ளதிலிருந்து ஓரிரு நூறாம் மிமீக்கு மேல் விலகக் கூடாது. தெளிவுப் படம் உள்ள அறிக்கை என்றால், அதில் குறித்த இறகோ (இறகு போன்ற விரிசல்) புள்ளியோ அதே இடத்தில் இருக்கிறதா என்று லென்ஸில் தேடுங்கள். சிறிய ஜிஐஏ டாஸியர் அறிக்கையில் அந்தப் படம் வராது.

இதையெல்லாம் கல் உதிரியாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பதித்த பிறகு கல்லைப் பிடிக்கும் உலோக நகம் எண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டால் படிக்க வழியில்லை. எண் இருக்கும் பகுதி இரண்டு நகங்களுக்கு நடுவே வரும்படி செட்டரிடம் சொல்லி வைத்து, மோதிரம் கைக்கு வந்ததும் அதே மைக்ரோஸ்கோப்பில் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.