இரை வைப்பதா, தேடிப் போவதா?

காரைக்குடிப் பக்கம் எறும்பு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வழி இரண்டு. ஊரணிக் கரை மரத்தடியில் ஒரு தாளில் சர்க்கரைத் தண்ணீரும் கருவாட்டுத் துணுக்கும் வைத்துவிட்டு உட்காரலாம். இல்லையென்றால் செம்மண் தரையையும் மரப்பட்டையையும் துழாவிக்கொண்டே நடக்கலாம்.

இரை வைத்தால் அலைச்சல் மிச்சம். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரே இனத்தில் சின்ன வேலைக்காரிகளும், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு சிப்பாய்களும் வந்தால் அது பெரும்பாலும் ஃபெய்டோலே என்ற எறும்புப் பேரினம். ஆனால் தாளை முதலில் பிடித்த கூட்டம் மற்றதை அண்டவிடாது. கடைசியில் நம் வீட்டு அடுப்படியில் பார்த்த முகங்களே மிஞ்சும்.

என் ஓட்டு நடைக்குத்தான், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் முசுறு. தைக்கிற நூல் அதன் புழு விடும் பட்டு. பட்டையில் தனியாக ஓடும் ஒல்லி எறும்புக்குத் தலையும் வயிறும் கறுப்பு, நடு உடம்பு செம்மஞ்சள் என்றால் டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா. லென்ஸில் இடுப்பைப் பாருங்கள்: இரண்டு கணு. முசுறுக்கும் கட்டெறும்புக்கும் ஒன்றுதான். டெட்ராபொனெராவைக் கையில் மட்டும் எடுக்காதீர்கள், கொடுக்கு இருக்கிறது. கொட்டினால் நன்றாகவே வலிக்கும்.

குழந்தைகளோடு போனால் தாளும் கருவாடும் போதும். பூனையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.